முந்தைய பயணத்தின் தாமதம்

காலை 4.52.
டோர்ட்முண்ட் ஸ்டேஷன், ஏழாம் மேடை.
நீலப் பலகையில் வெள்ளை எழுத்து ஊர்கிறது:
சுமார் பத்து நிமிடம் பிந்தும்.
"சுமார்" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்
ஒருநாளும் ஆறு மணி வேலைக்குப் போயிருக்கமாட்டார்.

பிறகு அந்தப் பெண் குரல்.
நன்றாக நித்திரை கொண்டு, முகம் கழுவி,
கோப்பியும் குடித்து முடித்த குரல்.
காரணம், முந்தைய பயணத்தின் தாமதம் என்கிறது.

பதினோரு வருடமாய் இதைக் கேட்கிறேன்.
இந்த ரயில் போன பிறவியில் பிந்தியிருக்கிறது.
அந்தக் கடனை
இந்தக் குளிரில் நின்று நான் அடைக்கிறேன்.
முன்வினை என்று எங்கள் ஆட்கள்
ஒரு சொல்லில் முடித்துவிட்டதை
இவர்கள் தினமும் ஒலிபெருக்கி வைத்து விளக்குகிறார்கள்.

பத்து, பதினைந்தாகிறது.
பதினைந்து, இருபத்தைந்தாகிறது.
பிறகு எண்ணெல்லாம் அழிந்து
ஓடாது என்று வருகிறது.

ஓடாதாம்.

யாரும் ஏசவில்லை.
யாராவது ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.
ஒரு ஐம்பது பேர்
மூக்கால் மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.
சைக்கிளோடு வருகிற மனிதர் என்னைப் பார்த்துப்
புருவத்தைத் தூக்கி இறக்கினார்.
ஒன்பது வருடம் எதிரெதிரே இருந்து போகிறோம்.
பெயர் தெரியாது.
இடது முழங்கால் மடங்காது என்பது மட்டும் தெரியும்;
அவர் காலை நீட்டும்போது
நான் என் பையை இழுத்துக்கொள்வேன்.

தண்டவாளத்துக்குப் பதிலாக ஓடுகிற பஸ்ஸுக்கு
இவர்களிடம் ஒரு நீளமான ஒற்றைச் சொல் உண்டு.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
பஸ் போய்விடும்.
போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் விட்டன், வெட்டர் என்று
ஊர் ஊராக இறங்கி ஏறி,
முன்னால் நிற்பவரின் ஈரக் கோட்டு
என் கன்னத்தில் உரச,
கண்ணாடிக்கு வெளியே ரூர் ஆறு
எந்த அவசரமும் இல்லாமல்
தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.
ஆற்றின் மேலும் எரிச்சல் வந்தது.

ஹாகன் ஆஸ்பத்திரிச் சமையலறை. 6.38.
திருமதி வீச்சோரெக் கொப்பியை விரித்தார்.
அவரிடம் நிமிடம் கிடையாது, கால்மணிகள்தான்.
முப்பத்தெட்டு என்பது நாற்பத்தைந்து.
அந்த ஏழு நிமிடம் எங்கே போகிறது
என்று கேட்க ஜெர்மன் இருக்கிறது,
தைரியம் இருக்கிறது,
இருநூறு தட்டும் காத்திருக்கிறது.
நாற்பத்தைந்தை
மதியம் கூடுதலாய் நின்று கழித்தேன்.

ஆகவே பின்னேரம் ஓடினேன்.
மகனின் பராமரிப்பு நிலையத்தை
நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள்.
அங்கேயும் கால்மணிக் கணக்குத்தான்,
காசு மட்டும் எதிர்ப்பக்கம் போகும்.
படியிறங்கி, சுரங்கப்பாதை தாண்டி,
மறுபடி படியேறி வந்தால்
ரயில் நிற்கிறது.
சொன்ன நேரத்துக்கு.
வருடத்தில் நாலு நாள் அப்படி நடக்கும்,
அந்த நாலு நாளும் நான்தான் பிந்தியிருப்பேன்.
கதவு சிணுங்கத் தொடங்கிவிட்டது.

உள்ளே இருந்து ஒரு சைக்கிள் சக்கரம்
கதவிடுக்கில் வந்து செருகியது.

கதவு மூட வந்தது, திறந்தது.
மூட வந்தது, திறந்தது.
கதவை விட்டு விலகுங்கள் என்று ஓட்டுநர் கத்தினார்,
இம்முறை உண்மையான மனிதக் குரல்,
உண்மையான கோபம், கேட்க நன்றாக இருந்தது.
நான் ஏறினேன்.
அவர் காலை நீட்டினார்.
நான் பையை இழுத்துக்கொண்டேன்.

நான்கு நிமிடம் பிந்திப் புறப்பட்டோம்.
இந்த ரயில் டோர்ட்முண்டில் திரும்பி
மறுபடி இதே வழியால் வரும்.
அப்போது ஏதோ ஒரு மேடையில்
யாரோ ஒருவர் பலகையை அண்ணாந்து பார்ப்பார்.
அந்தக் குரல் அவருக்குக் காரணம் சொல்லும்.

அந்த முந்தைய பயணம் நான்.
இருக்கை சூடாக இருந்தது.
கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை.